ஒரே குடிப் பிள்ளைகள்

சுகந்தியைக் காட்டிக் கொடுத்தது நான்தான். மாமி இல்லை. ஊரில் எல்லோரும் மாமி என்றுதான் நினைக்கிறார்கள். சுகந்தியும் அப்படித்தான் நம்புகிறாள். மாமி இல்லை... நான்!

இதைச் சொல்லும்போதே, யாருக்காவது கேட்டுவிடுமோ என்று அடிக்கடி அறைக் கதவைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் படுத்திருக்கிறாள். ஏன் இங்கே படுத்திருக்கிறாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் இவ்வளவும் வருகிறது. தெரிந்த முகம் என்றால் எனக்கு வாயே திறக்காது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் எங்கள் ஊர். இந்தக் கரையில் அரசாங்கத்து ஆமி, அந்தக் கரையில் அதோடு சண்டை பிடிக்கிற இயக்கம். வீட்டுக்கு ஒரு பிள்ளை தாருங்கள் என்று இயக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. முதலில் கேட்டார்கள். பிறகு கேட்காமலே கூட்டிக்கொண்டு போனார்கள். வாசல் கடப்படியில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பின்வளவால் ஓடுவேன். வந்தவர் மீன்காரராக இருப்பார். திரும்பி வந்தாலும் அந்தச் சோறு இறங்காது.

கலியாணம் கட்டின பிள்ளைகளை விட்டுவிடுகிறார்களாம் என்று ஒரு கதை வந்தது. அவ்வளவுதான்! பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தாலியோடு நின்றார்கள். மாப்பிள்ளைமாருக்கு மீசைகூட ஒழுங்காக வரவில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கவும் எங்களுக்குப் பயமாக இருந்தது.

சுகந்தி அடுத்த வளவு, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. எனக்கு மச்சாள் முறை. முறையை விடுங்கள், அவள்தான் என் கூட்டாளி. தகப்பன் இல்லாத பிள்ளை. அவளுடைய தாய்க்கு மகளை அந்த வயதில் உண்மையாகவே கட்டிக் கொடுக்க மனம் வரவில்லை, அவள் படிக்க வேண்டும் என்று ஆசை. அதனால் ஒரு பொய்க் கலியாணம் செய்தா. நூலில் மஞ்சள் பூசி, மஞ்சள் துண்டு ஒன்றை முடிந்து, தாயே மகளின் கழுத்தில் கட்டிவிட்டா. மாப்பிள்ளையாக நடிக்க வந்தவன் ரூபன்.

ரூபன் என் அப்பாவின் அக்கா மகன். எனக்கு மச்சான். இப்போது என் புருஷன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

ஏன் ரூபனைப் பிடித்தார்கள் தெரியுமா? எங்கள் பகுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய்வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும், ஒரு வயிற்றில் பிறக்காவிட்டாலும், அண்ணன் தங்கைதான். அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சே கிடையாது. சுகந்தியும் ரூபனும் ஒரே குடி. அதைத்தான் அந்தத் தாய் பாதுகாப்பு என்று நினைத்தா. முறைப் பெடியன் வந்து வீட்டில் படுத்தெழும்பினால் நாளைக்கு அந்தக் கதை பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். அண்ணன் முறைக்காரன் என்றால் மகளின் பெயர் கெடாது, காலம் சரியானபின் நல்ல இடத்தில் செய்து வைக்கலாம்.

கெட்டித்தனமான யோசனை என்றுதான் நாங்களும் நினைத்தோம். அதற்குள்தான் ஆபத்தும் இருக்கிறது என்று ஒருவருக்கும் படவில்லை. விஷயம் முழு ஊருக்கும் தெரியும். தேத்தண்ணிக் கடைக்காரருக்குத் தெரியும், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கருக்குத் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. பிள்ளை பிடிக்க வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். யார் என்ன குடி என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாமிக்கு மட்டும் ஆத்திரம். மாமி என்றால் ரூபனின் தாய். "தங்கச்சிக்காரிக்குத் தாலி கட்டினவன் எண்டு என்ட மகனப் பாத்து ஊரே காறித் துப்பப் போகுது!" என்று சுகந்தி வீட்டுக் கடப்படியில் நின்று கத்தினா. ஊருக்கெல்லாம் கேட்டது. பிறகு பழி விழுந்தபோது அவவின் தலையில் விழுந்ததற்கு அந்தக் கத்தல்தான் காரணம்.

நான் கத்தவில்லை. எனக்கு ரூபன் என்றால் உயிர்! தோணியில் ஏறும்போது என் செருப்பு நனையாமல் தன் கையில் தூக்கி வைத்திருப்பான், கரை வந்ததும் ஒன்றும் பேசாமல் தருவான். எங்களுக்குள் அவ்வளவுதான் காதல். அது சுகந்திக்குத் தெரியும். அவன் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவனுக்கும் கொண்டு போய்ச் சொல்கிறவள் அவள்தான். நூல் கட்டின அன்று முதல் வேலையாக என்னிடம் ஓடி வந்தாள்.

"பயப்படாதகா. இது உன்ட தாலி. கொஞ்ச நாளைக்கு நான் போட்டிரிக்கன், மறுகா கழட்டித் தாறன்" என்றாள்.

சிரித்தேன். வேறென்ன செய்ய?

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. ரூபனும் போய்விட்டான். வேலிக்கு மேலால் பார்த்தால் அவனுடைய சாரம் அவர்கள் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அவன் கிணற்றில் அள்ளி ஊற்ற, அவள் சட்டி பானை கழுவுவாள். இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். ஒரு காலையில் அவள் வேலிக்கு மேலால் எட்டி, "மச்சாள், உன்ட ஆள் என்னா குறட்டை விடுறார்! கட்டினா காதுக்குப் பஞ்சு வச்சிக்க" என்றாள்.

அண்ணனைப் பற்றித் தங்கை சொல்கிற பகிடி. எனக்கோ நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அவனுடைய குறட்டை அவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லையே! சீ... இவ்வளவு அற்பமான ஒன்றுக்காகவா ஒரு மனுஷி அப்படிச் செய்வாள்? இல்லை, பயத்தில்தான் செய்தேன். பயத்தில்தானா? இந்தக் கேள்வியை நான் கேட்காத நாள் இல்லை.

அன்று மத்தியானமே அவர்கள் வந்தார்கள். மணிச் சத்தம் இல்லை. பின்வளவால் வந்தார்கள்.

எல்லாரும் பெண்பிள்ளைகள். அவர்களில் பெரியவ வாகரைப் பக்கத்து அக்கா என்று பிறகு அறிந்தேன். கதை பேச்சு எங்கள் வீட்டுப் பெண்களைப் போலவேதான் இருந்தது. அப்பா வயல் வட்டைக்குப் போயிருந்தார். அம்மா அந்த அக்காவின் காலில் விழுந்தா. "இவளுக்கு மூச்சு முட்டு வருத்தம் மகள், இவள் உங்களுக்குச் சரிவர மாட்டாள்!" என்று கதறினா. எல்லாத் தாய்மாரும் சொல்கிற கதைதானே என்று அவர்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த கைக்கு என் வயதுதான் இருக்கும். என் பாவாடை நனைந்துவிட்டது. கடவுளே, அந்த வெட்கம்கூட அப்போது தெரியவில்லை.

பிடித்தவர்களைச் சேர்த்து வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகும் வழியில் எனக்கு மூச்சு முட்டியது. நடிப்பில்லை, உண்மையாகவே. கண் பிதுங்கி, சுவர் ஓரம் குந்திவிட்டேன். அந்த அக்கா தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து எனக்குப் பருக்கினா.

"இவள வச்சி என்ன செய்யிற? ஒரு நாளும் ஓடமாட்டாள். விடுங்க" என்றா. "நீ வீட்ட போ, புள்ள."

கவனமாகக் கேளுங்கள். அவ என்னை விட்டுவிட்டா! நான் தப்பிவிட்டேன். எழுந்து நடந்தால் எங்கள் வீட்டு வேலி தெரிகிற தூரம்தான்.

சின்னவள் ஒருத்தி, "அந்த மற்ற வளவிலயும் ஒருத்தி நிண்டாளேக்கா?" என்றாள்.

"அது கலியாணம் கட்டின புள்ள. புருஷன் வேலி கட்டிக்கொண்டு நிண்டான், நீ காணல்லயா?"

பேச்சு அதோடு முடிந்தது. அவர்கள் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை!

"அவங்க ரெண்டு பேரும் ஒரு குடியக்கா" என்றேன்.

அந்த அக்கா நின்றா. "என்ன?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். மூச்சு முட்டுவதுபோல் மறுபடி குந்தியிருக்கலாம். இல்லை... முன்னதைவிடத் தெளிவாக, திரும்பவும் சொன்னேன்.

மேலே ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. அவவும் மட்டக்களப்பு மண்ணில் பிறந்தவதானே! "ஒரு குடிக்குள்ள கலியாணமா?" என்று தனக்குள் சொன்னா. கோபப்படவில்லை. களைத்த முகம்தான் இன்னும் களைத்தது.

நான் ஓடிப்போய் எங்கள் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த அக்கா ரூபனிடம், "தம்பி, நீங்க என்ன குடி?" என்று கேட்பது கேட்டது. சாதாரணமாகத்தான் கேட்டா. ரூபன் திக்கினான். வாயில் வந்த வேறு ஒரு குடிப் பெயரைச் சொன்னான். மருமகன் என்ன குடி என்று உள்ளே இருந்த சுகந்தியின் தாயிடம் போய்க் கேட்டார்கள். அவவுக்கு அவன் சொன்னது கேட்டிருக்கவில்லை, வேறொரு பெயரைச் சொன்னா. தோளில் தொங்கிய துவக்கின் பிடியால் ரூபனுக்கு ஓர் அடி விழுந்தது. அடுத்த அடி விழும் முன் சுகந்தி தானே அந்த நூலைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்தாள். "அவர அடிக்காதீங்க, நான் வாறன்" என்றாள்.

எங்கள் வேலியைத் தாண்டும்போது அவள் என்னைக் கண்டுவிட்டாள். என்ன சொன்னாள் தெரியுமா?

"மச்சாள், உள்ள போ கா! வெளியில நிக்காத, உன்னத் திரும்பவும் புடிச்சிருவாங்க!"

நான் உள்ளே போனேன். அவள் சொன்னபடியே போனேன்.

யார் சொன்னது, யார் சொன்னது என்று ஊர் துடித்தது. மூச்சு முட்டி விடுபட்ட என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை, மாமி என்று ஊர் முடிவு கட்டியது. மாமி நெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணினா, ஒருவரும் நம்பவில்லை. பெற்ற மகனே நம்பவில்லை! ரூபன் தாயோடு பேச்சை விட்டான். ஆறுதலுக்கு என்னிடம் வந்தான். பிறகு எனக்குத் தாலி கட்டினான். இன்றைக்கும் மாமி நண்டுக் கறி சமைத்து யாரிடமாவது கொடுத்துவிடுவா, என் புருஷன் மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்புவார். நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷிக்கு மகன் கிடைப்பான். சொல்லமாட்டேன்! சொன்னால் எனக்குப் புருஷன் இல்லை. ஆம், அவருடைய குறட்டை இப்போது எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு விழித்தபடி கிடக்கிறேன்.

கிழக்கில் இயக்கம் இரண்டாக உடைந்தபோது பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி விட்டார்கள். சுகந்தியும் வந்தாள். ஒரு கால் இழுக்கிறது. ஒரு காது முழுக்கச் செவிடு. தாய் அதற்கு முன்பே செத்துவிட்டா. கொஞ்ச காலம் ஊரில் தனியே இருந்தாள். இப்போது, அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் போக வேறு ஆட்கள் மோட்டார் சைக்கிளில் திரிகிறார்கள். நாங்கள் ஊரைவிட்டு, ஆற்றுக்கு இந்தக் கரையில் நாவற்குடாவுக்கு வந்துவிட்டோம். போன கிழமை ஒரு மத்தியானம், கையில் ஒரு கடைப் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"உன்ன விட்டா எனக்கு ஆர் இரிக்கா கா?" என்றாள்.

ஆட்கள் தேடுகிற பிள்ளை, ஒளிய இடம் தேடி என் வீட்டுக்கு வந்திருக்கிறாள்! காது கேளாததால் சத்தமாகக் கதைக்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்குமே என்று எனக்கு உயிர் போகிறது. என் மகள், தகப்பனின் தங்கை முறை என்பதால், "மாமி, மெல்ல" என்று அவள் வாயைப் பொத்துகிறாள். அதற்கும் அவள் உரக்கச் சிரிக்கிறாள்.

நேற்று அவர்கள் வந்தார்கள். இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள், இரண்டு இளம் பெடியன்கள். என் புருஷன் வேலைக்குப் போயிருந்தார்.

"அக்கா, வீட்டுக்குப் புதுசா ஆரும் வந்திரிக்காங்களா?"

உங்களிடம் எதையும் ஒளிக்கப் போவதில்லை. அந்த நேரம் எனக்குச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. அவள்மேல் இப்போது எனக்கு ஒரு கோபமும் இல்லை, பொறாமையும் இல்லை. சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள், இந்த நடுக்கம் நின்றுவிடும்... அவ்வளவுதான்! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்ன பிறவி நான்?

"இல்ல தம்பி. நானும் அவரும் மகளும்தான்" என்றேன்.

ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நாளைக்கும் வருவம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அறைக் கதவைத் திறந்தேன். சுகந்தி வியர்த்து ஒழுக மூலையில் குந்தியிருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள், பிறகு சிரித்தாள்.

"அண்டைக்கும் அவங்க உன்னட்டக் கேட்டிருந்தா நீ சொல்லியிரிக்க மாட்டாய், என்னகா?" என்றாள்.

"ஓம், மாட்டன்" என்றேன்.

குரல் வெளியே வரவில்லை போலும், அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய், அதையே சத்தமாகச் சொன்னேன்.