சமுத்திரப்பச்சை: எந்தப் பக்கம்?

தோழிகளே, இன்று வகுப்பில் என்னைத் தேடியிருப்பீர்கள். இல்லை, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லூரிக்கு வரும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன்.

காலையில் அண்ணிக்குக் கண்ணுக்குக் கீழே வந்திருந்த கட்டியின் மேல், வேலியில் படர்ந்த சமுத்திரப்பச்சை இலையை வைத்துக் கட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளைப் பட்டு.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, கோலாரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் வெச்சே? வெள்ளைப் பக்கம் கட்டியை உடைக்கும். பச்சைதான் அமுக்கும்."

"கண்ணுகிட்ட உடைஞ்சா?"

"சீழ் உள்ளே போனா கண்ணே போயிடும்மா."

முன் இருக்கைக்காரி திரும்பினாள். "பயமுறுத்தாதேக்கா. பச்சைதான் உடைக்கும். எங்க வீட்டுக்காரர் முதுகுல பார்த்திருக்கேன்."

"அவர் முதுகுல கண்ணா இருக்கு?"

பஸ்ஸே சிரித்தது. பட்டுப் பக்கம் என் விரலில் பட்டது நினைவிருக்கிறது. பறிக்கும்போதா, கட்டும்போதா?

தாவரவியல் படிக்கிறேன். அந்தக் கொடியின் குடும்பப் பெயர் மட்டும் தெரியும்.

வீட்டுக்கு ஓடிக் கட்டைப் பிரித்தேன். அவசரத்தில் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பஸ்ஸில் கேட்காதீர்கள்.

ஜட்கா வண்டி பிடித்து அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். அவர் உள்ளே இருக்கிறார். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.