கரிச்சட்டி ஆர்க்கிட்

மண்ணே வேண்டாத செடி ஒன்றை வளர்க்கும் பொறுப்பு, எனக்கு நாற்பது வயது நடக்கும்போது வந்து சேர்ந்தது. அறுபதுகளின் இறுதி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் ஒன்றிரண்டாக எழத் தொடங்கியிருந்தன. நான் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். குடியிருந்தது கவரைப்பேட்டையில், புகைவண்டி நிலையத்துக்குப் பின்னால், ஒரு வீட்டின் பாதியில். மறுபாதியில் வீட்டுக்கார அம்மாள் இருந்தார். கணவரை இழந்தவர், நிலையத்தை அடுத்த சாலையோரத்தில் காலைச் சிற்றுண்டி விற்கும் நாஷ்டாக் கடை நடத்திவந்தார்.

செடியைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் தம்பி. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். அம்முறை ஈரச் செய்தித்தாளில் சுற்றி அவர் கொண்டுவந்ததைப் பிரித்தபோது, விரல் பருமனில் நான்கு தண்டுகளும், தடித்த இலைகள் சிலவும், வெளுத்த புழுக்களைப் போன்ற வேர்களும் கிடந்தன. ஆர்க்கிட் என்றார். இரண்டு வகைகளைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம் என்றும் சொன்னார். மாணவர் கட்டுரையில் ஒரு வேற்றுமொழிச் சொல் தலைகாட்டினாலும் சிவப்பு மையால் அடிக்கும் என் வீட்டுக்கு, பெயரிலும் பிறப்பிலும் கலப்புடைய ஒன்று விருந்தாக வந்தது.

“மண்ணு போட்டீங்கன்னா அழுகிடும் மாமா. ஓட்டச் சட்டில கரி, செங்கல் துண்டு, தேங்கா நாரு, அவ்ளோதான். நெழல்ல தொங்க வுடுங்க, தண்ணி தெளிங்க. மொட்டு வுட்டப்பறம் எடம் மாத்தாதீங்க, உதுந்துடும். ஊதாவும் வெள்ளையுமா கொத்தா பூக்கும். ஒரு மாசம் வாடாது.”

“பூக்காமல் என்ன செய்யும்?” என்றேன், வேப்பமரத்தைப் பற்றிப் பேசுவதைப் போல.

அவர் சிரித்தார். “பூவப் பத்திப் பாட்டு சொல்லித் தர்றது வேற மாமா, பூக்க வெக்கிறது வேற. அடுத்த லீவுல நான் வரச்சொல்லோ பூத்திருக்கணும். இல்லன்னா எடுத்துக்கினு போயிடுவேன். மெட்ராஸ்ல என் ஃபிரண்டு ஒருத்தன் இதுக்காக உயிர வுட்டுக்கினு இருக்கான்.”

அவர் கிளம்பிச் சென்றதும் என் மனைவி தன் தீர்ப்பைச் சொன்னாள். “கப்பல்ல மடில வெச்சிக்கினு வந்திருக்கான் எந்தம்பி. அத எவனோ ஒருத்தன் ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன். நீங்க இன்னா பண்ணுவீங்களோ, பூக்க வெச்சிருங்க.”

கரி வேண்டி வீட்டுக்கார அம்மாளிடம் போனேன்.

“எதுக்கு வாத்தியாரே, இஸ்திரி போடவா?”

“செடி வைக்க.”

கரிக்கூடையோடு அவரும் உடன் வந்து, நான் சட்டியை நிரப்புவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். “அடுப்புக்குப் போட்றத செடிக்குப் போட்றீங்க. நாளைக்கு செடிக்கு ஊத்தறத அடுப்புக்கு ஊத்துவீங்களா?”

கொல்லைத் தாழ்வாரத்தில் கம்பி கட்டிச் சட்டியைத் தொங்கவிட்டதும் அவர் முகம் மாறிற்று. எங்கள் பக்கத்தில் மண்ணில்லாமல் தொங்கும் செடிக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. கற்றாழையை வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டுவார்கள். ஆகாச கருடன் என்னும் கிழங்கைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். காற்றைக் குடித்தே உயிர்வாழும் அவை, வீட்டின்மேல் விழும் பொல்லாத கண்ணைத் தாமே வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. செடி தழைத்தால் நல்லது. வாடினால் யாரோ கண்வைத்துவிட்டார்கள்.

“சிங்கப்பூர் ஆகாச கருடனா! வாசல்ல கட்ட வேண்டியத கொல்லைல கட்டிக்கினு இருக்கீங்களே, நைனா!”

இது திருஷ்டிக்கு உரியதன்று, மலருக்கு உரியது என்று விளக்கினேன். நாற்பது மாணவர்க்கு ஒரே நேரத்தில் விளங்க வைப்பவன் நான். அவர் ஒருவரிடம் தோற்றேன்.

செடியை நான் பேணிய முறையில் எவரும் குறைகாண முடியாது. வெயில் ஒரு துளியும் படாதபடி தாழ்வாரத்துக்குக் கோணித்திரை கட்டினேன். நாள்தோறும் மூன்று வேளை நீர் தெளித்தேன். பள்ளிக்குப் புறப்படுமுன் ஒருமுறையும் திரும்பியதும் ஒருமுறையும் முக்காலியில் ஏறி நின்று, தண்டு தண்டாக, கணு கணுவாக நோக்குவேன். பள்ளியின் அளவுகோலைக் கொண்டுவந்து புதுத்தண்டின் உயரத்தைக் குறித்துவைப்பேன்.

“என்ன என்னிக்காச்சும் இப்டி உத்துப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள் மனைவி. வினாவில் நியாயம் இருந்ததால் அளவுகோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இலைகள் கரும்பச்சையாகத் தழைத்தன. பூ மட்டும் வரவில்லை. இரண்டாம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு தண்டின் மேற்கணுவில் பச்சையாய் ஏதோ புடைத்தது. சிங்கப்பூருக்கு உடனே கடிதம் எழுதினேன்: மொட்டு அரும்பிவிட்டது. கணக்காசிரியரையும் ஓவிய ஆசிரியரையும் தேநீருக்கு அழைத்து, முக்காலியில் ஒருவர்பின் ஒருவராக ஏற்றிக் காட்டினேன். ஓவிய ஆசிரியர், மலர்ந்ததும் தீட்டித் தருவதாகச் சொல்லி, ஊதா வண்ணக்குப்பி ஒன்றை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பதினைந்து நாளில் அந்த மொட்டு இரண்டு இலை விட்டது. அடுத்த வாரம் அதற்கு வேரும் முளைத்தது. தாய்த்தண்டின்மேல் அச்சு அசலாக ஒரு சின்னஞ்சிறு செடி உட்கார்ந்திருந்தது.

“பூ கேட்டா புள்ள பெத்துக்கினு நிக்குது” என்றாள் மனைவி.

சிங்கப்பூருக்கு மறுப்புக் கடிதம் எழுத எனக்குத் துணிவு வரவில்லை. ஊதாக்குப்பி அலமாரியில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோடை வந்தது. விடைத்தாள் திருத்தும் பணிக்காக இருபது நாள் நான் திருவள்ளூரில் தங்க வேண்டியிருந்தது. மனைவி திருநின்றவூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். செடியை வீட்டுக்கார அம்மாளிடம் ஒப்படைத்தேன். மூன்று வேளை நீர், முழு நிழல் என்று மூன்று முறை சொன்னேன். “போய்க்கினே இரு நைனா, நான் பாத்துக்கறேன்” என்று அவரும் மூன்று முறை சொன்னார்.

பணி முடிந்து, திருநின்றவூரில் மனைவியை அழைத்துக்கொண்டு, பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் திரும்பினோம். தாழ்வாரத்தில் வெறுங்கம்பி தொங்கிற்று. கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதக் கூசுகிறது, ஆயினும் ஓடினேன்.

கடையின் கீற்றுச் சார்ப்பில், கிழக்கு வெயில் நேரே விழும் இடத்தில், இட்லிக் குண்டானுக்கு அருகே என் ஆர்க்கிட் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டுகளில் மஞ்சள் பூச்சு, அதன்மேல் குங்குமம். சட்டியின் அடியில் எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும். இலைகளில் இரண்டு பழுத்து உதிர்ந்திருந்தன.

“அம்மா, என்ன இது?”

“எதிர்ல புதுசா ஒருத்தன் கட போட்டுக்கிறான் பாரு. அவன் கண்ணு பூரா என் அடுப்பு மேலதான். ஒரே பேஜாரு. அதான் இத இங்க மாட்டினேன். அன்னிலேந்து ஏவாரம் சும்மா பிச்சிக்கினு போவுது.”

“தண்ணீர்?”

“அரிசி கழுவன தண்ணிய ஊத்துவேன், நெனப்பு வந்தா.”

“நிழலில் அல்லவா வைக்கச் சொன்னேன்!”

“நெழல்ல ஒளிஞ்சிக்கினு இருந்தா திருஷ்டிய யாரு வாங்குவாங்க?”

இட்லி தின்றுகொண்டிருந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் நிமிர்ந்தார். “வாத்தியாரே, செடி இங்க வேலைக்கு சேந்துக்கிச்சி. ஷிப்டு முடியட்டும், அப்பால கூட்டிக்கினு போங்க.”

கடையே சிரித்தது. நான் பலகைமீது ஏறிக் கம்பியைக் கழற்றக் கைநீட்டினேன். அப்போதுதான் ஒரு தண்டின் உச்சியில் கூரான பச்சைமுனை ஒன்று கண்ணில் பட்டது. கையைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். இம்முறை எவரிடமும் சொல்லவில்லை; கடிதமும் எழுதவில்லை. இலையாக விரிந்து மறுபடியும் மானத்தை வாங்குமோ என்று காத்திருந்தேன். அது நீண்டு, வளைந்து, ஒன்பது மொட்டுகளைத் தாங்கிற்று.

இடம் மாற்றினால் உதிர்ந்துவிடும். ஆகவே, வெளியில் கைநனைக்காத நான் நாள்தோறும் காலையில் நாஷ்டாக் கடைக்குப் போய், இரண்டு இட்லியை ஒரு மணிநேரம் தின்று மொட்டுகளை எண்ணிவந்தேன். “பூ பாக்கப் போறீங்களா, துன்னப் போறீங்களா?” என்று மனைவி கேட்டாள். மறுநாள் முதல் அவளும் உடன் வந்தாள்.

ஒன்பதும் மலர்ந்திருந்த வாரத்தில் மைத்துனர் வந்து இறங்கினார். வெறுங்கம்பியைப் பார்த்துவிட்டு, “செடி எங்க மாமா? மொட்டு வுட்டதா எழுதினீங்களே!” என்றார். மனைவியும் உடன்வர, அவரைக் கடைக்கு அழைத்துச் சென்றேன்.

வெண்மையில் ஊதா விளிம்பிட்ட மலர்கள், இட்லி ஆவியில் மெல்ல அசைந்தன. கீழே மிளகாய் தொங்கிற்று. மைத்துனர் வாய்பிளந்தார். “எப்டி மாமா பூக்க வெச்சீங்க?”

இந்த வினாவுக்கு இரண்டாண்டாக ஒரு சொற்பொழிவு ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். கரண்டியும் கையுமாக வீட்டுக்கார அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலாளர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“நான் ஊரில் இல்லாதபோது பூத்தது” என்றேன்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு மைத்துனர் சொன்னார்: “மாமா அத மூணு வேள குளிப்பாட்டி, இருட்டுல தூங்க வெச்சிட்டாரு. காலை வெயிலு கொஞ்சம் பட்டாதான்க்கா இது பூக்கும்.”

“நிழலில் வைக்கச் சொன்னவர் நீங்கள்தாமே!”

“நெழல்னா பாதாளமா மாமா?”

மனைவி இடைமறித்தாள். “அதெல்லாம் வுடு. பூத்துருச்சில்ல? செடி எங்களுக்குத்தான்.”

“ஆங், கழட்டிக்கினு போவ வுட்ருவனா?” என்று கரண்டி உயர்ந்தது.

வழக்கை மைத்துனர் தீர்த்துவைத்தார். ஒரு பிளேடை வாங்கி, முன்பு நான் மொட்டென்று ஊரைக் கூட்டிக் காட்டிய அந்தச் சிறுசெடியை வேரோடு அறுத்தெடுத்தார். தாய் கடையிலேயே இருப்பது, சேய் எங்கள் வீட்டுக்கு வருவது. வீட்டுக்கார அம்மாள் கொட்டாங்குச்சி ஒன்றில் தம் அடுப்புக்கரியைப் போட்டு, செடியை அதில் நட்டு, மனைவி கையில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு வருசமா அதுக்குக் கண்ணு வெச்சது யாருன்னு இப்பவாச்சும் தெரிஞ்சிச்சா வாத்தியாரே? முக்காலி போட்டு ஏறி ஏறி மொறச்சா எந்தச் செடிதான் பூக்கும்? இத கெழக்கால தொங்க வுடுங்க. தண்ணி ஊத்துங்க. மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்குங்க.”

எனக்கு இத்தகைய நம்பிக்கைகள் கிடையா. ஆயினும் அளவுகோலைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்தேன். வாசலில் கிழக்குமுகமாகத் தொங்கிய அந்தக் கொட்டாங்குச்சிக்கு நாளொன்றுக்கு ஒருமுறை, இருப்புப்பாதையைப் பார்த்தபடி நீர் ஊற்றினேன். தண்டவாளங்களை அவ்வளவு கூர்ந்து கவனித்த தமிழாசிரியர் வேறொருவர் இருக்க முடியாது.

சேய் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, எழுபதுகள் பிறந்த பிறகு, ஒரு காலையில் நான் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“ஏங்க! வராதீங்க! அங்கியே இருங்க! பூத்திருக்கு!”