அக்காவின் ரத்தத்தில் இல்லாதது

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரான வருஷம் அக்கா மகனுக்கு நாலு வயது. அந்த வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு உருண்டு திரண்ட கெண்டைக்கால்களை யாரும் பார்த்ததில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மாமா டீக்கடை வைத்திருந்தார். டீ குடிக்க வருகிறவர்கள் அவனைத் தூக்கிப் பார்த்து, பயில்வானாக வருவான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மாமாவுக்குப் பெருமையாக இருக்கும்.

அக்காவுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. தரையில் உட்கார்ந்தவன் நேராக எழுந்திருக்க மாட்டான். முதலில் கையை ஊன்றுவான். பிறகு முழங்காலைப் பிடிப்பான், அப்புறம் தொடையை. தன் உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரி மெல்ல நிமிர்வான்.

மறுவருஷம் மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நான் அப்போது பதினோராம் வகுப்பு. பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். அக்காவுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. பையனுக்கு வந்திருப்பது தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் நோய், அந்தப் பெரிய கெண்டைக்காலும் அதன் அறிகுறிதான் என்றார் டாக்டர் அம்மா. பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடும், இருபதைத் தாண்டுவது கஷ்டம் என்றும் சொன்னார். பிறகு அக்காவின் வயிற்றைப் பார்த்தார்.

"இது அம்மா வழியா பையனுக்கு வர்ற நோய். சில சமயம் அம்மாகிட்ட இல்லாமலே பிள்ளைகிட்ட புதுசா உண்டாகறதும் உண்டு. உங்களுக்கு எதுன்னு சொல்ல இப்ப எங்ககிட்ட வழியில்ல. உங்ககிட்ட இருந்து, இதுவும் பையனா இருந்துட்டா, பாதிக்குப் பாதி வரலாம். பொண்ணுன்னா பயப்பட வேண்டியதில்ல."

வயிற்றிலிருந்து நீரெடுத்துப் பார்த்தால் பையனா பெண்ணா என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றார். நாலாவது மாதம் போய் எடுத்தார்கள். பையன் என்று வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பையன் என் மடியில் தூங்கிவிட்டிருந்தான்.

"பாதி நல்லா இருக்கும்னுதான சொல்றாங்க. அப்டியே விட்டுடலாம், பொறக்கட்டும்" என்றார் மாமா.

"மீதிப் பாதி?" என்றாள் அக்கா. "இவன் எழுந்து நிக்கறத பாக்கறப்பவே எனக்கு உயிர் போவுது. இன்னொருத்தனையும் அப்டி பாக்க சொல்றீங்களா?"

மாமா எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார். கருவைக் கலைத்தார்கள். ஊருக்கு வந்த பிறகு அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பையன் போய் முதுகில் சாய்ந்தால் மட்டும் கையைப் பின்னால் கொண்டுவந்து அவனைத் தட்டிக்கொடுப்பாள். அதற்குப் பிறகு அவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை.

டாக்டர் சொன்னபடியே பையனுக்குப் பத்து வயதில் நடை நின்றது. சக்கர நாற்காலியில் கடை வாசலில் உட்கார்ந்திருப்பான். நன்றாகப் படித்தான். யார் பேசுவதைக் கேட்டாலும் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவான். பௌர்ணமிக்கு வரும் ஆந்திராக்காரர்கள் பேரம் பேசுவதை அப்படியே சொல்லிக் காட்டினால், அந்த ஆந்திராக்காரர்களே நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். மாமா அவனைத் தோளில் தூக்கிக் குளிக்க வைப்பார். அவன் பாரம் ஏற ஏற மாமாவின் முதுகு வளைந்தது.

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னேன். அக்காவிடம் இருந்தால் என்னிடமும் இருக்கலாம் அல்லவா? அவர் யோசிக்க நேரம் கேட்டார், பிறகு சரி என்றார். இரண்டாயிரத்து இரண்டில் நான் உண்டானேன். அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. ரத்தத்திலேயே மரபணுவைப் பார்த்து, யாரிடம் அந்தக் குறை இருக்கிறது என்று சொல்ல முடிந்தது.

பையனின் ரத்தமும் என் ரத்தமும் போதும் என்றுதான் சொன்னார்கள். அக்காதான் புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "என்னுதையும் எடுத்துக்கங்க. எனக்கும் தெரியணும்."

முடிவு கேட்க நானும் அக்காவும் மட்டும் மெட்ராஸ் போனோம். இந்த முறை இளவயது டாக்டர். எங்களைப் பார்த்ததுமே சிரித்தார்.

"நல்ல செய்தி. பையனோட மரபணுல ஒரு துண்டு இல்ல. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் அது முழுசா இருக்கு. அவன்கிட்ட புதுசா உண்டானதுதான். நீங்க தைரியமா பெத்துக்கலாம்."

நான் சத்தமாகச் சிரித்தே விட்டேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என் கையைப் பிடிக்கவில்லை.

"சார்" என்றாள் அக்கா. "இவனுக்கு அப்புறம் எனக்கு ஒன்னு உண்டாச்சு. பையன்னு சொன்னாங்க. வேணாம்னு கலைச்சிட்டோம்."

டாக்டர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ரத்தத்துல இல்லாட்டியும் சில பேருக்குக் கருமுட்டைல இருக்கலாம்மா. நூத்துக்கு நூறுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அது ரொம்பக் கம்மி."

"அப்ப அது நல்லாத்தான் இருந்திருக்கும்."

"இருந்திருக்கலாம்" என்றார் அவர்.

பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். என் வயிற்றுக்குள் இருப்பதை நினைத்தால் சந்தோஷம், பக்கத்தில் அவளைப் பார்த்தால் அந்தச் சந்தோஷமே குற்றமாகத் தெரிந்தது. அவள்தான் முதலில் பேசினாள். "நீ எனக்காக மூஞ்சிய தூக்கி வெச்சிக்காதடி. சந்தோஷமா இரு." முறுக்கு விற்பவனைக் கூப்பிட்டு எனக்கு வாங்கிக் கொடுத்தாள். அவள் தின்னவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடமும் மகனிடமும் ஒளிக்காமல் சொன்னாள். மாமா, "டாக்டருங்களுக்கே அன்னிக்கி தெரியல. உனக்கு எப்டி தெரியும்? வுடு" என்றார். கருவை அப்படியே விட்டுவிடலாம் என்று அன்றைக்குச் சொன்னது தான்தான் என்பதை அவர் அப்போதும் சொல்லவில்லை, பிறகும் ஒருநாளும் சொன்னதில்லை.

மகன்தான் கேட்டான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. "என்னை வயித்துலயே பாத்து சொல்லியிருந்தா, என்னையும் வேணாம்னு சொல்லியிருப்பியாமா?"

அக்கா பதறவில்லை. இந்தக் கேள்வியைப் பல வருஷமாக எதிர்பார்த்திருந்தவள் மாதிரி இருந்தாள். "சொல்லியிருப்பனோ என்னமோ. அப்ப உன்ன எனக்குத் தெரியாதேடா. தெரிஞ்சப்புறம் எப்டி வேணாம்னு சொல்லுவேன்?"

"அவனையும்தான் உனக்குத் தெரியாது" என்றான் அவன்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் கழித்து அவன் என்னிடம், "சித்தி, நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது, இல்ல?" என்றான்.

எனக்குப் பையன் பிறந்தான், ஆரோக்கியமாக. அக்கா மகன் பத்தொன்பதாம் வயதில், நெஞ்சில் சளி கட்டி மூச்சடைத்துப் போனான். அதற்கு முன்பு என் பையனைச் சக்கர நாற்காலியில் மடியில் உட்கார வைத்துக்கொண்டு கிளி மாதிரியும் கண்டக்டர் மாதிரியும் பேசிக் காட்டினான்.

சில வருஷம் கழித்து ஒருநாள் டிவியில் ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். கருவை வெளியிலேயே உருவாக்கி, நோயில்லாததாகப் பொறுக்கி எடுத்து வயிற்றில் வைக்கலாமாம், பிறகு கலைக்க வேண்டியிருக்காதாம். இது எங்கே போய் முடியுமோ என்று நான் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள்.

"வர்றவளுங்களுக்கு நல்லதுதான்" என்றாள். "பால் கட்டாது."

பிறகு வெங்காயத்தை அரியத் தொடங்கினாள்.