மெம்பர் உள்ளே வந்து கதவைச் சாத்திய வீடு

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? மெம்பர் என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தார் என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? போய் அடுப்பைப் பாருங்கள், சோறு குழைந்துவிடும். போகமாட்டீர்களா? சரி. உங்களுக்கு இந்தப் பக்கம் ஓட்டு இல்லை, அந்த ஒரே காரணத்துக்காகச் சொல்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்திக்கும் இது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியவே கூடாது.

எங்கள் தேயிலைத் தோட்டம் கண்டிப் பக்கம், கலஹாவுக்கு மேலே. இங்கே தேர்தல் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிறவர் எல்லா வீட்டு வாசலிலும் கும்பிடுவார். ஆனால் ஒரு லயத்தில் ஒரு வீட்டில்தான் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். எல்லா வீட்டிலும் குடித்தால் மனிதர் என்னத்துக்கு ஆவார்? அவர் குடித்த வீடு அதற்குப் பிறகு சாதாரண வீடு இல்லை. தண்ணீர்க் குழாய் உடைந்தாலும், பிள்ளைக்கு வேலை வேண்டுமென்றாலும், அந்த வீட்டுக்காரி சொன்னால்தான் அவர் காதில் ஏறும் என்று பேச்சு.

மெம்பர் முதன்முதலில் பிரதேச சபைக்கு நின்றபோது நடந்தே வந்தார். கீழ்த் தோட்டத்துப் பிள்ளை, தொழிற்சங்க ஆபீசில் மனு எழுதிக்கொண்டிருந்தவர். தோளில் ஒரு பை, காலில் அட்டை கடித்த இரத்தம். இதெல்லாம் நான் பார்த்ததல்ல, கேட்டது. நான் அந்த நேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றிருந்தேன். வீட்டுக்கு வந்தால் லயமே பக்கத்து வீட்டு வாசலில் கூடியிருக்கிறது. அவளுக்கு அன்று காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவர் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

"ரெண்டு தடவ கேட்டு வாங்கிக் குடிச்சாருக்கா" என்றாள்.

அவள் போடும் தேத்தண்ணி சட்டி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். இரண்டாம் தடவை யார் கேட்பார்? பாவம், தாகம் போல.

அவர் வென்றார். லயத்துக்குக் கொங்கிரீட் பாதை வந்தது. கீழிருந்து ஏறி வந்த பாதை அவள் வாசலோடு நின்றது. சீமெந்து முடிந்துவிட்டதாம். மழைக்காலத்தில் அவள் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பாள். நான் சேற்றில் நின்று அதைப் பார்ப்பேன்.

அடுத்து அவர் மாகாண சபைக்கு நின்றார். இந்த முறை நான் விடவில்லை. கண்டி மார்க்கெட்டுக்குப் போய், ரோஜாப்பூப் போட்ட கோப்பையும் அதற்கு அடியில் வைக்கிற பீரிசும் வாங்கி வந்தேன். அவர் வருகிற அன்று முழங்கால் வலி என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. முற்றத்தைக் கூட்டி, அவர் உட்காரக் கதிரையில் துணி விரித்து, தேத்தண்ணியை ஊற்றித் தட்டோடு வாசலில் நின்றேன். வேனில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு காலை என் பக்கம் எடுத்தும் வைத்துவிட்டார்.

"தம்பி, பழைய வீட்ட மறந்துட்டீங்களா?" என்றாள் அவள், அவளுடைய வாசலில் இருந்து. குரலில் தேன் ஒழுகியது. என்னோடு குழாயடியில் பேசும்போது அந்தக் குரல் எங்கே போகுமோ.

கால் திரும்பிவிட்டது. ஊற்றியதை நானே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால் வயிறு இன்னும் எரிந்தது.

அவர் மறுபடியும் வென்றார். அவள் மகனுக்குக் கண்டியில் ஒரு ஆபீசில் வேலை கிடைத்தது. கண்ணாடி அலுமாரி வாங்கினாள். அதில் மேல் தட்டு முழுக்க ஒரே ஒரு கோப்பை, மெம்பர் குடித்தது. பேரப்பிள்ளைகள் தொட்டால் அடி. சாமி படத்தைக் கீழ்த் தட்டில் வைத்திருந்தாள்.

பிறகு அவர் பாராளுமன்றத்துக்கே போனார். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் மாடி வீடு கட்டினார். ஜீப்பில் வந்தபோது சுற்றிலும் ஆட்கள். அன்று அவர் குடிக்கவே இல்லை. அவளுடைய கோப்பையைத் தன் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரிய ஆளான பிறகு கையில் பிடித்தாலே போதுமாம். அந்தப் படம் எல்லாருடைய போனிலும் வந்தது. அதில் நானும் இருக்கிறேன். ஓரத்தில் தெரிகிறதே ஒரு முழங்கை, அது என்னுடையது.

அதற்கடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதீர்கள். அன்று பாயாசம் வைத்தேன், அவ்வளவுதான் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிற என் மகன் வீட்டின் பின்பக்கம் பாத்ரூம் கட்டிக் கொடுத்தான். டைல்ஸ் பதித்து, கதிரையில் மாதிரி உட்காரலாம், பிடியை அழுத்தினால் தண்ணீர் வருகிறது. லயத்தில் மற்ற எல்லாருக்கும் மேட்டுக்கு அந்தப் பக்கம் பொதுக் கக்கூசுதான். எல்லாரும் வந்து பார்த்தார்கள். அவளும் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இவ்வளவு பளபளப்புல ஒக்காந்தா வருமாக்கா?" என்று கேட்டாள்.

"மனசுல அழுக்கு இல்லாதவங்களுக்கு வரும்டி" என்றேன்.

போன தேர்தலுக்கு மெம்பர் மறுபடி வந்தார். ஜீப் இல்லை, திரீவீல். கூட இரண்டே பேர். தலைமுடிக்குக் கறுப்பு மை பூசியிருந்தார், ஆனால் முகம் வற்றியிருந்தது. சீனி வருத்தமாம், இரத்தத்தில் சர்க்கரை. வென்றவருக்குக் கோப்பையைப் பிடித்துவிட்டுப் போக முடியும், தோற்றவருக்கு முடியுமா? ஒரு வீட்டில் வேண்டாமென்றால் அந்த ஓட்டும் போய்விடுமே. அன்று காலையிலிருந்து கீழ் லயங்களில் வீட்டுக்கு வீடு குடித்துக்கொண்டே மேலே ஏறி வந்திருக்கிறார்.

கொங்கிரீட் முடிகிற இடத்தில் அவள் அந்த அலுமாரிக் கோப்பையோடு நின்றாள். புதுச் சேலை வேறு. அவர் இறங்கியதும் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, சேற்றில் கால் வைத்து, ஏறக்குறைய ஓடி வந்தார். என் வாசலுக்கு!

கிட்டே வந்து காதோடு கேட்டார்: "அம்மா, பாத்ரூம் இருக்கிற வீடு இதுதானுங்களா?"

உள்ளே விட்டு, முன்கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். பின்பக்கம் கையைக் காட்டினேன். மனிதர் பறந்தார்.

அவர் வருவதற்குள் ரோஜாப்பூக் கோப்பையை எடுத்துத் துடைத்து, தேத்தண்ணி ஊற்றிவிட்டேன். இத்தனை வருஷம் காத்திருந்த கோப்பை. வெளியே வந்து அதைப் பார்த்ததும் அவருடைய முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார்.

"கும்புட்டுக் கேக்குறேன்மா. இதுக்கு மேல ஒரு சொட்டு எறங்காது."

"ஏன், அவ வீட்டுல மட்டும் எறங்குமோ?"

"யார் வீட்டுலங்கம்மா?"

"இந்தா, பக்கத்து வீட்டுல. மூணு தடவ வந்து ஒக்காந்தீங்களே!"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஞாபகம் இல்லீங்களே. எல்லா லயமும் ஒரே மாதிரிதானே இருக்கு. எங்க குடிச்சேன், யாரு குடுத்தா, ஒண்ணும் தெரியாதும்மா."

இதற்காகவா இத்தனை வருஷம் நான் வெந்தேன்? அந்த அலுமாரி, அந்த மேல் தட்டு, அந்தத் தேன் குரல்!

கதவருகில் போனவர் திரும்பினார். "ஆனா இந்த வீட்ட சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்மா. வெளிய சொல்லிறாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? நீங்களும் சொல்லக் கூடாது, என்ன?" என்றேன். அன்று அவர் சிரித்த சிரிப்பு போஸ்டரில் இருப்பது அல்ல, சொந்தச் சிரிப்பு.

அந்த முறையும் அவர் தோற்றார், இப்போது குண்டசாலையில் வீட்டோடு இருக்கிறார். அது பிறகு நடந்தது. அன்று திரீவீல் வளைவு திரும்புவதற்குள் லயத்துப் பெண்கள் எல்லாரும் என் முற்றத்தில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி முன்னால், கையில் ஆறிப்போன கோப்பை.

"என்னக்கா, கதவெல்லாம் சாத்திக்கிட்டு?"

"அவருக்கு அவசரமா ஒரு ஒதவி வேண்டியிருந்துச்சு. இந்த லயத்துல நான் ஒருத்திதான் செய்ய முடியும்னு எங்கிட்ட வந்தாரு."

"என்னா ஒதவி?"

"அதெல்லாம் வெளிய சொல்லிறாதீங்கன்னு கைய கூப்பிக் கேட்டுக்கிட்டாரு."

அவள் விடவில்லை. "தண்ணி ஊத்துற சத்தம் செவுத்து வழியா கேட்டுச்சே?"

"ஒரு வீட்டுல பேசி முடிச்சிட்டுக் கையக் கழுவாமலா போவாரு பெரிய மனுசன்? இந்த வீட்ட சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்னாரு. நீ ஒண்ணும் கவலப்படாத தங்கச்சி. அந்தக் கோப்பைய கழுவிப் பத்திரமா வை. அடுத்த தடவ வந்தா ஒன் வீட்டுலயும் ஒரு வாய் குடிக்கச் சொல்றேன்."