எல்லை தாண்டிய எங்கள் ராமலட்சுமி மதினி

மிளகாய் வற்றலைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது புதூரிலிருந்து போன் வந்தது. மதினியின் பக்கத்து வீட்டுக்காரி. "உங்க சம்பந்தி போயிட்டாக. வெயில் தாழ உக்காந்திருந்தவுக அப்படியே சாஞ்சிட்டாக" என்றாள். அதன்பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

ராமலட்சுமி மதினியின் ஒரே மகள் செல்வி, என் இளைய மருமகள். மகனும் அவளும் இருப்பது சிங்கப்பூரில். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மதினியைத் தெரிந்த ஊர்க்காரர்களே, சொந்தக்காரர்களே, உங்களுக்கு நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

செல்வியைப் பெண் பார்க்கப் போன அன்று காப்பி வந்தது. தம்ளரை எடுத்த என் கையை மதினி பிடித்துக்கொண்டார். "கை நனைக்கதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிருதேன். நான் ஜெயிலுக்குப் போனவ." கைப்பிள்ளையோடு தாலியறுத்தவர் அவர். பங்காளி ஒருவன் வருசத்துக்கு ஒரு சால் கூடுதலாக உழுது, அவர் பிஞ்சைக் காட்டின் எல்லை வரப்பான பொழியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். கேட்கப் போன இடத்தில் அவன் வாய்க்கு வந்ததைப் பேச, கையிலிருந்த அரிவாளை வீசிவிட்டார். "அவன் கையை வெட்டினது தப்பு. பொழியைக் கேட்டது தப்பில்ல" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் காப்பியைக் குடித்தேன்.

செல்வி முழுகாமல் இருந்தாள். பேறுகாலம் பார்க்க நாங்கள் இருவரும் போவதென்று முடிவானது. கோவில்பட்டியில் விசாவுக்கு எழுதிக்கொடுக்கும் தம்பி, "தண்டனை உண்டா?" என்ற கேள்விக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"இல்லைன்னு போட்டிருவோம் ஆச்சி. அந்தக் காலத்துக் கேசை யாரு தேடப்போறா?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "ஏலே, ஒரு சால் எல்லைக்கு ஜெயில் பார்த்தவ நான். இம்புட்டுப் பெரிய எல்லையைத் திருட்டுத்தனமாவா தாண்டுவேன்? உள்ள இருந்ததுல எம் மக நடை பழகினதப் பார்க்கல. பொய் சொல்லிப் போயி, அங்கன வச்சுப் பிடிச்சுத் திருப்பிட்டான்னா அவ பிள்ளையவும் பார்க்க முடியாதுல்லா?"

கோர்ட்டில் தீர்ப்பு நகல் வாங்கிச் சேர்த்து அனுப்பினோம். எனக்கு விசா வந்துவிட்டது. மதினிக்கு வரவில்லை. செல்விக்கு மாதம் நெருங்கியது. "அம்மா வருமா அத்தை?" என்று போனில் கேட்பாள். மதினி பாட்டுக்கு மகளுக்குப் பிள்ளை பெற்றபின் கொடுக்கும் காயமருந்து இடித்துக்கொண்டிருந்தார். "விசாரிக்கட்டும் மதினி. விசாரிச்சாத்தான விடுவாக" என்பார். ஆனால் போன் அடித்தால் உலக்கை நின்றுவிடும். ஒருவழியாக அவருக்கும் வந்தது.

சிங்கப்பூரில் இறங்கி, பாஸ்போர்ட் காட்டும் வரிசையில் நிற்கும்போது நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது? வெட்டினது நானா, நீங்களா?" என்றார் மதினி. அவர் முறை வந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரிப் பெண் திரையைப் பார்த்தாள், யாரையோ கூப்பிட்டாள், மதினியை ஓர் அறைக்குள் கூட்டிப்போனார்கள். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். ஊர்க் காளியிலிருந்து ஒரு சாமி பாக்கியில்லாமல் வேண்டினேன். இவரைத் திருப்பி அனுப்பிவிட்டால் செல்வியின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கதவு திறந்து மதினி வந்தார்.

"என்ன கேட்டாக?"

"எல்லாம் கேட்டாக. நம்ம பாசை பேசுத பிள்ளை ஒண்ணு இருந்தா. காயிதத்துல உள்ளதையே நானும் சொன்னேன். போகச் சொல்லிட்டா. நடங்க, பிள்ளை காத்துக் கிடப்பா."

செல்விக்குப் பெண் பிறந்தது. குழந்தையை முதலில் கையில் வாங்கியவர் மதினிதான்.

இப்போது மதினியின் பதினாறாம் நாள் விசேசத்துக்கு வந்தவர்கள், "பேத்திக்கு அந்த ஜெயில் கதை தெரிய வேண்டாம்" என்று என்னிடம் ஓதிவிட்டுப் போனார்கள். நான் தலையாட்டவில்லை. விவரம் தெரிந்து அவள் கேட்கும் நாளில், "உங்க அம்மாச்சி ஜெயிலுக்குப் போனவ. அதை ஒளிக்காமச் சொல்லி, கடல் தாண்டி வந்து உன்னைக் கையில வாங்கினவ" என்று சொல்வேன். மதினி எனக்கு விட்டுப்போனது அந்தத் தைரியம்தான்.