ஒரு டம்ளர் எதிர்ப்பு சக்தி

போன வாரம் மூலக்குளத்தில் என் நாத்தனார் செல்வியின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். பால் காய்ச்சி முடிந்ததும் எல்லார் கைக்கும் பால் வந்தது. என் கைக்கு மட்டும் ஒரு டம்ளர் நிறைய கறுப்பாக ஏதோ...

"எதிர்ப்பு சக்தி கஷாயம் அண்ணி. அந்த இங்கிலீஷ் மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு ஒரு மண்டலம் இத குடிங்க. எல்லாம் சரியாப் பூடும்."

வேண்டாம் என்றேன். கூடம் முழுக்கச் சொந்தபந்தம். ஒருவர் பாக்கியில்லாமல் என்னையே பார்த்தார்கள்.

"ஒரு வாட்டி குடிச்சிதான் பாரேன்மா, இன்னா ஆயிடப் போவுது?" – இது என் கணவர். கட்டியவரே கட்சி மாறினால் யாரிடம் போய் முறையிடுவது?

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு முடக்குவாதம். போன வருஷம் காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வில்லியனூரில் எங்கள் பாத்திரக்கடை ஷட்டரைத் தூக்க முடியாமல், சாவியும் கையுமாக வாசலில் நின்று அழுதிருக்கிறேன். மாத்திரை தொடங்கியபின் எவ்வளவோ தேவலை; ஆனாலும் இந்தப் பத்தியை நான் சொல்லச் சொல்ல மகள்தான் டைப் செய்தாள். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஒடம்புல தெம்பு இல்ல" என்றபோது வந்த எரிச்சல் இருக்கிறதே!

தெம்பு இல்லையாவது! கிருமியைத் தாக்க வேண்டிய செல்கள் என் மூட்டுகளையே தாக்குகின்றன. பிள்ளையார்குப்பத்து டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். அதைச் செல்விக்கு எப்படிச் சொல்வது?

"உன் விசேஷம் கேன்சல்னு நம்ம ஃபேமிலி குரூப்புல யாரோ போட்டாங்களே, அப்ப இன்னாடி ஆச்சி?"

"அத ஏன் கேக்கறீங்க அண்ணி! ஆளாளுக்கு ஃபார்வர்ட் பண்ணி, சமையல்காரரு வரைக்கும் பூடுச்சி. இல்லன்னு நான் கத்தறது ஒருத்தர் காதுலயும் விழல. கடைசில யாரும் ஒண்ணும் போட முடியாதபடி குரூப்பயே பூட்டிட்டேன்."

"என் ஒடம்புலயும் அதான் நடக்குது."

டாக்டரம்மா விளக்கியதை அவளுக்கும் சொன்னேன். ஆபத்து என்று ஒரு செல் ஒரு ரசாயனத்தை அனுப்பும். அது இன்னொரு செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சேதி கைமாறிக் கைமாறி மரபணு வரை போகும். உடனே அந்தச் செல்லும் ரசாயனத்தைக் கிளப்பிவிடும் – வீக்கம், சூடு, வலி. கிருமி வந்தால் இதெல்லாம் வேண்டியதுதான். வேலை முடிந்ததும் 'போதும்' என்றும் ஒரு சேதி வரும். என் உடம்பில் அந்தப் 'போதும்' எடுபடவில்லை.

"செல்லுக்குள்ள நடக்கற ஃபார்வர்ட என் மாத்திர நிறுத்துது. நீ மாத்திரையவே நிறுத்தச் சொல்ற. பூட்டுன குரூப்ப தொறந்து வுடவா?"

மாத்திரையிலும் ஆபத்து உண்டு. கிருமி சுலபமாகத் தொற்றும். காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அடிக்கடி ரத்தம் பரிசோதிக்க வேண்டும். தெரிந்துதான் விழுங்குகிறேன். என் விரல், என் முடிவு. சொந்தக்காரர்கள் கை தூக்கி முடிவு செய்ய அது என்ன கொம்யூன் பஞ்சாயத்துத் தீர்மானமா?

செல்வி டம்ளரைப் பார்த்தாள். "அப்ப இத இன்னா பண்றது அண்ணி? விடிகாலைல எழுந்து காய்ச்சினேன்..."

"உங்க அண்ணன்கிட்ட குடு. இன்னா ஆயிடப் போவுதுன்னு அவருதானே கேட்டாரு?"

கூடமே பார்த்துக்கொண்டிருக்க, பாவம், மனிதர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

மறுநாள் கடை ஷட்டரைத் தூக்க வந்த கணவரை நகரச் சொன்னேன். நானே தூக்கினேன்!