அம்மனுக்காக அறுக்காத ஒயர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, ஒரு பாட்டில் கிடைத்தால் அதையே பெரிய வரமாக நினைத்து வீடு திரும்பிய வருஷங்கள். எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சி. என் மனைவிக்கு இரண்டு கண்ணும் மங்கி, அடுப்பு எரிகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கும் நிலைமை. மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் குலதெய்வமான அம்மனிடம், "இவளுக்கு வெளிச்சம் கொடு தாயே, உன் நோன்பித் திருவிழாவுக்கு நான் மின்சார விளக்குப் போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பட்டணத்து ஆஸ்பத்திரியில் அறுவை செய்து அவளுக்குப் பார்வை வந்துவிட்டது. இனி என் வாக்கு.

ராசிபுரத்து லாரி ஷெட் மெக்கானிக்கிடம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, முப்பத்தாறு வாட் பல்பு, எண்பது முழம் இரட்டை ஒயர் வாங்கினேன். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. இரண்டு ஆட்கள் மூங்கில் கழியில் பேட்டரியைத் தொங்கவிட்டு, திராவகம் சிந்தாமல் சுமந்து ஏறினார்கள். மேலே போனதும் பூசாரி மறித்தார்.

"உள்ள இருக்கறது திராவகம்னு நீங்களே சொல்றீங்க. அது எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே இருக்கட்டுங்க."

சரி என்று கல்லுக்கு வெளியே பேட்டரியை வைத்தேன். அங்கிருந்து சன்னிதிக்கு இருபது முழம்தான். மீதி ஒயரை நான் அறுக்கவில்லை. அம்மனுக்குச் சாத்துகிற புதுச்சேலையில் யாராவது கத்தரி வைப்பார்களா? அவளுக்கென்று வாங்கியது முழுசாகவே இருக்கட்டும் என்று, மிச்சத்தைச் சுருளாகவே கல்லோரம் போட்டு, ஒரு முனையைப் பேட்டரியிலும் மறு முனையைச் சன்னிதிப் பல்பிலும் மாட்டினேன்.

பல்பு எரிந்தது, பீடி நெருப்பு மாதிரி.

பேட்டரிதான் மோசம் என்று முடிவு கட்டினேன். மறுநாளே அதைக் கழியில் கட்டி இறக்கி, ராசிபுரம் கொண்டுபோய் மெக்கானிக்கைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் அங்கேயே வேறொரு பல்பை மாட்டிக் காட்டினார், கண் கூசியது. "பேட்டரியத் திட்டாதீங்க" என்று இரண்டு மீட்டரைக் கையில் கொடுத்து, எதை எங்கே வைப்பது என்று காட்டி, ஒரு காகிதத்தில் எழுதியும் தந்தார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் வாட். நான் ஐந்தாம் வகுப்பு. பெருக்கலும் வகுத்தலும் வரும், பொறுமைதான் வராது.

பூச்சாட்டு முடிந்து நோன்பி நாளும் வந்துவிட்டது. பொழுது சாயும்போது அம்மன் வெளியே எழுந்தருளுவாள். அதற்குள் விளக்கு எரிந்தாக வேண்டும். மறுபடி மலையேறி, மறுபடி மாட்டினால், மறுபடி அதே பீடி நெருப்பு. கூட வந்திருந்த மனைவி சொன்னாள்: "கண்ணு தெரியாம இருந்தப்பவே நிம்மதிங்க. இந்த லைட்டப் பாக்கற பாவம் இருந்திருக்காது."

எரிச்சலோடு மீட்டரை வைத்தேன். பேட்டரிப் பக்கம் பன்னிரண்டு வோல்ட். ஓடுவது இரண்டு ஆம்பியர். ஆக, பேட்டரி கொடுப்பது இருபத்துநான்கு வாட். பல்புப் பக்கம் வைத்தால் ஆறு வோல்ட்தான் வருகிறது. ஆறை இரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு வாட். முப்பத்தாறு வாட் பல்பு பன்னிரண்டில் எப்படி எரியும்? மீதிப் பன்னிரண்டு எங்கே போனது? வழியில் தொலைந்த ஆறு வோல்ட்டை இரண்டால் வகுத்தேன். மூன்று ஓம் தடை. கணக்குத் தப்பு என்று பாறையில் கரியால் மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் மூன்றே வந்தது.

கோபம் பூசாரி மேல் திரும்பியது. "உங்கள் எல்லைக்கல்தான் என் வெளிச்சத்தில் பாதியைத் தின்கிறது" என்றேன்.

"கல்லு எங்கப்பன் காலத்துல இருந்து அங்கயேதான் கெடக்குதுங்க. அது ஒண்ணுந் திங்காது" என்றார் அவர், மாலை கட்டிக்கொண்டே.

அதற்குள் மனைவி, காலில் இடறிய சுருளை ஒதுக்கி வைக்கக் குனிந்தாள். "ஏனுங்க, இது அடைக்கோழி வயிறாட்ட வெதுவெதுன்னு இருக்குதுங்க."

தொட்டுப் பார்த்தேன். காணாமல் போன வாட்டெல்லாம் அங்கே சூடாகிக்கொண்டிருந்தது. தின்றது கல் இல்லை. நான் அறுக்காமல் போட்ட அறுபது முழம். அப்போதும் எனக்குக் கை வரவில்லை. "சாமிக்குன்னு நேர்ந்ததை எப்படி அறுக்கிறது?" என்று நின்றேன். மேளக்காரர்கள் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பூசாரி எழுந்து வந்தார். "தேங்கா நேர்ந்துட்டு வாரீங்க. முழுசாவா குடுக்கறீங்க? ஒடச்சுத்தானுங்களே குடுக்கறீங்க?"

ஒயரைப் பேட்டரியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, அரிவாளால் ஒரே வெட்டு வெட்டினார். முனைகளைச் சீவி மாட்டினேன். பல்புப் பக்கம் பத்து வோல்ட் காட்டியது. ஆனால் நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. அதை முதலில் பார்த்தது என் மனைவி. "மூக்குத்தி தெரியுதுங்க" என்றாள் மெதுவாக. அவளை அழைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். அவள் அதைப் பார்த்தது அன்றுதான்.

பூசாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல அந்தச் சுருள எடுத்து வைங்க, யாராச்சும் தடுக்கி உழுந்துருவாங்க" என்றார்.

இன்றும் சாமிக்கென்று ஒன்று செய்யக் கிளம்பும்போது, இதில் எவ்வளவு அவளைப் போய்ச் சேரும், எவ்வளவு என் வீம்பிலேயே சூடாகிக் கரையும் என்று ஒரு தடவை வகுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.